சான்றாவணம் நான்கு

படத்தில் இருப்பது எங்கள் கொல்லைக் கொடிதான்.
நீலக் கட்டம் போட்ட கைலி ஒன்று
என் நைட்டிக்குப் பக்கத்தில் காய்கிறது.
தேதி இருக்கிறது. நேரம் காலை ஏழு பன்னிரண்டு.
சைக்கிளை நிறுத்தி, கிளுவை வேலிக்கு மேலாக
யாரோ எடுத்திருக்கிறார்கள்.
படம் கொஞ்சம் ஆடியிருக்கிறது.
கைலி ஆடவில்லை.

"இது யாருடையது?" என்றார் வக்கீல் குஞ்சிதபாதம்.
மயிலாடுதுறைக் கோர்ட்டு மின்விசிறி
ஒரு றெக்கை கோணலாகச் சுற்றிக்கொண்டிருந்தது.
பாக்கியநாதனுடையது என்றேன்.
"அவர் உங்களுக்கு என்ன வேண்டும்?"

இந்தக் கேள்விக்குத் தமிழில் இரண்டு அர்த்தம்.
ஒன்றுக்கு உறவுப்பெயர் சொல்ல வேண்டும்.
மற்றதை
இதுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை.
தெரிந்தவர் என்றேன்.
தட்டச்சுப் பெண் நிமிர்ந்து பார்த்துவிட்டு
அப்படியே அடித்தாள்.

எவ்வளவு தெரியும் என்று கேட்டிருந்தால்
சொல்லியிருப்பேன்.
லஸ்கர் வேலை. முறைத்தண்ணீர் மாறும் நேரம்
ராத்திரி ரெண்டு மணியானாலும் போய்
ஷட்டர் ஏற்றுவார். திரும்பி வந்து
எங்களை எழுப்பாமல் கால் கழுவுவதற்கு
குடத்தைச் சாய்த்துச் சாய்த்து ஊற்றுவார்,
அந்தக் கவனத்திலேயே எனக்கு முழிப்பு வந்துவிடும்.
கரண்ட் பில்லில் பாதி தருவார்.
மத்தி மலிந்தால் மத்தி. பூண்டு உரிப்பார்.
கயல்விழியின் வேன் காசை அவர் தந்ததில்லை,
நானும் கேட்டதில்லை.
அவளுக்கு அப்பா இருக்கிறார், உத்தரவில்,
இனிஷியலோடு.

மாதம் ஆறாயிரம் என்றது உத்தரவு.
மேட்டூரில் திறந்துவிட்டதாக டிவியில் பூத்தூவிக் காட்டுவார்கள்,
எங்கள் கடைமடையில் நண்டு வளை காய்ந்து கிடக்கும்.
அது மாதிரிதான்.
ஒரு மாதம் நாலாயிரம்,
ஒரு மாதம் "சர்வர் பிரச்சினை",
பதினேழு மாதம் பாக்கி.
பாக்கியைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லை,
கைலியைப் பற்றி ஒன்பது.

மனுவை பஸ்ஸில் திரும்ப வாசித்தேன்.
"கற்புநெறி தவறி, வேறோர் ஆடவருடன்
கணவன் மனைவி போல் வாழ்ந்து வருவதால்..."
அந்தப் 'போல்' மேல் விரல் நின்றுவிட்டது.
போல் இல்லாமல் பதினோரு வருஷம்
சேதுராமனோடு வாழ்ந்திருக்கிறேன்.
அப்போது எவனும் கொடியைப் படமெடுக்கவில்லை.
எடுத்திருந்தால்,
அக்கினி நட்சத்திரத்திலும் இவளுக்கு எதற்கு
முழங்கை தாண்டிய ரவிக்கை என்றாவது
தோன்றியிருக்கும்.

அவன் இரண்டாம் கல்யாணத்துக்கு
செம்பனார்கோவில் முக்கில் ப்ளெக்ஸ் வைத்தார்கள்.
வேலியெல்லாம் எட்டிப் பார்க்க வேண்டியதில்லை,
இருபதடி.
அதற்கு ஆவண எண் கிடையாது.

என் வக்கீல் ரஹ்மத்துன்னிசா
வராந்தாவில் டீ ஆறும்வரை யோசித்துச் சொன்னார்:
"மூணு மாசம் அவரை வேற எங்கயாச்சும் இருக்கச் சொல்லுங்க.
அவர் உங்களைக் காப்பாத்தலைன்னு நிக்கணும்.
நீங்க கஷ்டப்படுறது பார்த்தா தெரியணும்மா.
இந்தப் புடவை வேணாம்."

வீட்டில் சொன்னபோது
அவர் பூண்டு உரிப்பதை நிறுத்தவில்லை.
மறுநாள் ரேஷன் பையில்
ரெண்டு சட்டை, ரேடியோ, சவரப் பெட்டி.
"ஆறாயிரம்னா சும்மாவா, புள்ளைக்கு ஆகும்" என்றார்.
"உங்களுக்கு என்ன வேணும்?" என்றேன்.
கேட்ட பிறகுதான்
எங்கே கேட்ட கேள்வி என்று உறைத்தது.
செருப்பைத் தேடுகிறவர் மாதிரி
கொஞ்ச நேரம் கீழே பார்த்தார்.
பிறகு மதகடி ஷெட்டுக்குப் போய்விட்டார்.

வாய்தா ஜூன் பதினாறு.
தண்ணீர் வந்துவிடும். அவருக்கு லீவு கிடைக்காது,
கிடைத்தாலும் வரக்கூடாது.

இன்று துணி காயப்போட்டேன்.
நைட்டி, கயலின் யூனிஃபார்ம், ரெண்டு துண்டு.
நெருக்கி நெருக்கிப் போட்டும்
நடுவில் ஒரு கைலி அகலத்துக்கு
கயிறு சும்மா கிடந்தது.
ஏழு மணிக்கு வேலிக்கு அப்பால்
சைக்கிள் நிற்கும் சத்தம்.

எடுத்துக்கொள்,
இதையும்.